‘நலம்’ என்றே இருந்தது

குழந்தைகள் நல அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரே குழந்தை இரண்டு இடத்தில் பதிவாகியிருந்தால் கண்டுபிடிப்பதும், பிறந்த தேதியில் பிப்ரவரி முப்பது என்று எழுதிவைத்திருந்தால் பிடித்துத் திருத்துவதும் அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. “அக்கா கைக்கு ஒரு ஃபைல் போச்சுன்னா உமி வேற, அரிசி வேற” என்பார் பக்கத்து மேசைத் தட்டச்சர். அதைக் கேட்டு அவள் சிரிப்பாள். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வாலுவின் அம்மா வந்துவிடுவாள். வயது முப்பதுக்குள் இருக்கும். ஒரு பெரிய விடுதியின் சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நெஞ்சில் சளி கட்டி, அது காசநோய் என்று தெரிந்து, பல மாதம் ஆஸ்பத்திரியில் படுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டியவன் எப்போதோ போய்விட்டான். ஒட்டு உறவு என்று சொல்லிக்கொள்ள ஆளில்லை. வாலு என்று செல்லமாகக் கூப்பிடும் நாலு வயசுப் பையனைத் தானே கூட்டிக்கொண்டு வந்து, தானே கையெழுத்துப் போட்டு அரசு இல்லத்தில் விட்டாள். “வாலு, அம்மா இருமல் நின்னதும் வந்துடுவேன்” என்று அவள் சொன்னதும், அவன் பதிலுக்கு நாக்கைத் துருத்திக் காட்டியதும் சல்லடையின் மேசைக்கு முன்னால்தான் நடந்தது.

இருமல் ஒன்பது மாதத்தில் நின்றது. அவள் ஓடி வந்தபோது அந்த இல்லம் பூட்டிக் கிடந்தது. மழையில் சுவர் பிளந்து, பிள்ளைகளை ஐந்து இடங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டிருந்தார்கள். வாலு போனது ஒரு நாள் பயணத் தூரத்தில் இருந்த இல்லத்துக்கு. திரும்பக் கூட்டிக்கொள்ள அவள் மனுக் கொடுத்தாள். மனு என்றால் சும்மாவா? நோய் குணமான சான்று, வேலைச் சான்று, ஜன்னல் வைத்த அறை, பிள்ளைக்குத் தனிப் படுக்கை. ஒன்றைக் கொண்டுவந்தால் இன்னொன்று கேட்டார்கள். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றாள். மனு முடிகிறவரை பார்க்கக் கூடாது, பிள்ளை ஏங்கிப்போவான் என்று விதி இருந்தது.

ஆகவே மாதம் ஒரு தடவை வந்து நின்று அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று.

“எப்படி இருக்கான்க்கா?”

சல்லடை அவன் எண்ணைத் தட்டுவாள். திரையில் ‘தற்போதைய நிலை’ என்ற கட்டத்துக்கு எதிரே ஒரு சொல் வரும்.

“நலம்னு இருக்கும்மா.”

“வேற எதுவும் போடலையா? வளந்திருக்கானா, பல்லு விழுந்துச்சா?”

“அதெல்லாம் இதுல போட மாட்டாங்கம்மா. நல்லா இருக்கான்னு இருக்கு. அது போதாதா?”

“போதும்க்கா, போதும்” என்று அவள் கும்பிட்டுவிட்டுப் போவாள். சில மாதம் ஒரு சட்டை, ஒரு கால்சட்டை என்று பொட்டலம் கொண்டுவருவாள். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அளவு பார்த்து வாங்கியதாம். சல்லடை அதை அலுவலகத் தபாலில் சேர்த்து அனுப்புவாள். பெற்றுக்கொண்டதாக ரசீது ஒழுங்காகத் திரும்பி வரும். அந்த ‘நலம்’ என்ற சொல்லை இப்படிப் பதினான்கு தடவை அவள் வாசித்துக் காட்டியிருந்தாள்.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. நல அலுவலகத்தின் கணினியையும் அரசு மருத்துவக் காப்பீட்டின் கணினியையும் இணைக்க வேண்டும். காரணம் நியாயமானதுதான். ஒரு பிள்ளையை ஓர் இல்லத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் காப்பீட்டுக்காரர்களுக்கு அது தெரிவதில்லை. மருந்துக்கடையில் போய் நின்றால் ‘இந்த எண் செல்லாது’ என்பார்கள். ஆஸ்துமாப் பிள்ளைக்கு மருந்து வாங்க வளர்ப்புத் தாய் நாலு அலுவலகம் அலைந்த கதையெல்லாம் நடந்திருந்தது. இரண்டு கணினியும் பேசிக்கொண்டால் அந்த அலைச்சல் இருக்காது.

காப்பீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நாற்பது வயது, முன் வழுக்கை, பேசும்போது பேனா மூடியைக் கடிக்கிற பழக்கம். சல்லடைக்கு எதிரே நாற்காலி போட்டுக்கொண்டார்.

“மேடம், உங்ககிட்ட பதினோராயிரத்துச் சொச்சம் பிள்ளைங்க. எங்க பதிவோட ஒப்பிட்டுப் பாத்தா பத்தாயிரம் தானாப் பொருந்திடுச்சு. மிச்சத்தைப் பேரு, பிறந்த தேதி, தாயோட காப்பீட்டு எண்ணு எல்லாம் பாத்து, மெஷின் ஒரு மார்க்கு போட்டிருக்கு. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல இருந்தா கண்ணை மூடிட்டு ஏத்துக்கலாம். அதுக்குக் கீழ இருக்கிறதை மனுஷக் கண்ணுதான் பாக்கணும்.”

“கழிச்சுக் கட்டினதெல்லாம் என் தலையிலயா?” என்றாள்.

“உங்களைச் சல்லடைன்னாங்களே!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாளுக்கு நாற்பது பதிவு என்று வேலை ஓடியது. அவளுக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெயரில் ஒற்று இருக்காது, இன்னொன்றில் அப்பா பெயரும் பிள்ளை பெயரும் இடம் மாறியிருக்கும். பொருந்தும்போது பொத்தானுக்குக் காஜா கிடைத்த மாதிரி ஒரு திருப்தி.

வேலை தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில் அந்தப் பதிவு வந்தது. மார்க் எழுபத்தொன்று. இடப்பக்கம் வாலுவின் பதிவுப் பெயர். வலப்பக்கம் காப்பீட்டுப் பதிவில் அதே பெயர்தான், நடுவில் ஒரு துணைக்கால் மட்டும் அதிகம். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. தாயின் காப்பீட்டு எண் இரண்டிலும் ஒன்று, ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. அவள் கை ‘ஏற்கலாம்’ பொத்தானுக்குப் போய்விட்டது. அப்போதுதான் வலக்கோடியில் இருந்ததைப் பார்த்தாள். ‘காப்பீடு முடிந்தது. காரணம்: 4.’

“சார், இந்த நாலுன்னா என்ன? வயசு கடந்துடுச்சா?”

பொறியாளர் தன் திரையிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். “ஒண்ணுன்னா வயசு. ரெண்டு ஊரு மாறுனது. மூணு தத்து. நாலுன்னா இறப்பு.”

அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் திரையை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது வேற பையனா இருக்கும் சார்” என்றாள். “எங்க பக்கம் நலம்னு இருக்கு.”

“தேதி பாருங்க மேடம்.”

இறந்த தேதி பதினேழு மாதத்துக்கு முந்தையது.

மதியம் வரை ஒவ்வோர் இடமாகத் தொலைபேசியில் கூப்பிட்டு அவள் முழுவதையும் சேர்த்துவிட்டாள். சுவர் பிளந்த அன்று பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே வண்டியில் புறப்பட்டார்கள். வழியில் வாலுவுக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. ஓட்டுநர் பாவம், நல்லவர்தான். வழியில் இருந்த ஊர் ஆஸ்பத்திரியில் வண்டியை நிறுத்தி, கையிலிருந்த சீட்டைக் காட்டிச் சேர்த்துவிட்டு, மற்ற பதினொரு பேரோடு போய்விட்டார். சீட்டைப் பார்த்து எழுதியவர் ஒரு துணைக்காலைக் கூடுதலாகப் போட்டார். போய்ச் சேர்ந்த இல்லத்தில், “ஒருத்தன் ஆஸ்பத்திரியில, பழைய இல்லம் பாத்துக்கும்” என்று இருந்துவிட்டார்கள். பழைய இல்லத்தின் கண்காணிப்பாளர் அந்த மாதத்தோடு ஓய்வு பெற்றார். இங்கே அலுவலகத்தில் யாரோ ஒரே பொத்தானில் பன்னிரண்டு பேரையும் சேர்த்து ‘மாற்றப்பட்டது, நலம்’ என்று பதிந்தார்கள். ஐந்தாம் நாள் காலை பிள்ளை இறந்தான். ஆஸ்பத்திரி கடிதம் எழுதியது, பூட்டிய கட்டடத்துக்கு. ஒரு வாரம் பார்த்துவிட்டு நகராட்சி அடக்கம் செய்தது.

சட்டைகளைப் பற்றியும் கேட்டாள். “பேருக்கு ஆளில்லாத பொட்டலம் நிறைய வரும் மேடம். அளவு சரியா இருக்கிற பசங்களுக்குக் குடுத்துடுவோம்” என்றது அந்த இல்லத்தின் தொலைபேசிக் குரல்.

அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை இப்ப வெளிய விட வேணாம்” என்றார்.

“அம்மாகிட்ட சொல்லணும் சார்.”

“சொல்லலாம், சொல்லலாம். கமிட்டி கூடட்டும். சட்டப் பிரிவு பாக்கட்டும். நாம அவசரப்பட்டு வாய விட்டா எல்லாம் நம்ம தலையிலதான் விடியும்.”

“எப்ப சார் கூடும்?”

“அடுத்த மாசக் கடைசியில.”

“நாளைக்கு முதல் செவ்வாய்க்கிழமை சார். வந்து நிப்பா. எப்படி இருக்கான்னு கேப்பா. என்ன சொல்ல?”

அவர், “பரிசீலனையில இருக்குன்னு…” என்று ஆரம்பித்து, தானே நிறுத்திக்கொண்டார்.

சல்லடை தன் இருக்கைக்கு வந்து கைப்பையை எடுத்தாள். அரை நாள் விடுப்பு எழுதித் தட்டச்சரிடம் கொடுத்தாள். நாளை வரை வாலுவின் அம்மாவைக் காக்கவைத்து, கௌண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்து, கண்ணாடித் துளை வழியாக இதைச் சொல்ல அவளால் முடியாது.

விடுதியின் பின்வாசலில் சலவைக்கூடம். உள்ளே நுழைந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. பெரிய இயந்திரங்கள் இரைந்தன. வாலுவின் அம்மா நீள மேசைக்குப் பக்கத்தில், இரட்டைக் கட்டில் விரிப்பு ஒன்றோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சல்லடையைக் கண்டதும் அவள் முகம் முழுக்கச் சிரித்தது.

“அக்கா! நீங்களே வந்துட்டீங்களா? மனு ஆயிடுச்சா? அறைக்கு ஜன்னல் வச்சாச்சுக்கா, மேஸ்திரி சனிக்கிழமைதான் முடிச்சாரு. பாத்தா சின்னதாத் தெரியும், ஆனா காத்து நல்லா வருது. இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன், இதை முடிச்சுட்டு வந்துடறேன். கூட வேலை செய்றவ இன்னிக்கு லீவு.”

சல்லடை பிடித்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு பேரும் விரித்தார்கள், உதறினார்கள், நடுவில் வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். இரண்டாவது மடிப்பில் கைகள் தொட்டபோது சல்லடை அந்தக் கைகளை விடவில்லை.

“என்னக்கா?”

“தங்கச்சி, உக்காரு.”

“பரவால்ல, சொல்லுங்க. இன்னும் என்ன சான்று வேணுமாம்?”

“சான்று எதுவும் வேணாம். வாலு இல்லம்மா.”

“அங்க இல்லையா? வேற இல்லத்துக்கு மாத்திட்டாங்களா?”

சுற்றிச் சொல்லக் கூடாது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இருந்தும் நாக்கு அந்தச் சொல்லைத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தது. “செத்துட்டான் தங்கச்சி. வண்டியில போறப்பவே காய்ச்சல். வழியில ஒரு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. அஞ்சு நாள் இருந்திருக்கான். பதினேழு மாசம் ஆச்சு. எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சது.”

வாலுவின் அம்மா விரிப்பைக் கீழே விடவில்லை. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கணக்குப் போடுகிற மாதிரி அவள் உதடுகள் அசைந்தன.

“பதினேழு மாசமா?”

“ஆமா.”

“நலம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா. நான்தான் சொன்னேன்.”

“மாசா மாசம் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“திரையில இருந்துச்சுன்னு சொன்னீங்களே அக்கா.”

“இருந்துச்சு. அதைத்தான் வாசிச்சேன். யாரையும் கூப்பிட்டுக் கேக்கல. ஒரு ஃபோன் போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் போடல.”

அப்புறம்தான் அவளிடமிருந்து சத்தம் வந்தது. இயந்திர இரைச்சலில் அது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. சல்லடைக்கு மட்டும் கேட்டது. அவள் விரிப்பால் வாயைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் சரிந்து உட்கார்ந்தாள். சல்லடையும் ஈரத்தரையில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டால் தட்டிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. தொட்டாள். அவள் தட்டிவிட்டாள். பிறகு தானே அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை இரண்டு பேரும் பேருந்தில் அந்த ஊருக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே நகராட்சி இடுகாட்டில், காவலாளி ஒரு நோட்டைப் புரட்டி வரிசையும் எண்ணும் பார்த்துக் கூட்டிப்போனார். தகரத்தில் எண் எழுதிய ஒரு கம்பி. சுற்றிலும் புல் முழங்கால் உயரம். வாலுவின் அம்மா உட்கார்ந்து வெறுங்கையால் புல்லைப் பிடுங்க ஆரம்பித்தாள். காவலாளி கருக்கரிவாள் கொண்டுவந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. சல்லடை ஒரு பக்கம் பிடுங்கினாள். “இவ்வளவு சின்ன இடமா?” என்று மட்டும் தாய் கேட்டாள். பிறகு தானே, “ஆமா, சின்னவன்தானே” என்றாள்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. அன்று குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்ஸ் இப்போதும் அங்கேயே இருந்தார். கட்டையான உருவம், நரைத்த தலை. பழைய குறிப்பேட்டை எடுத்துவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“என் கையெழுத்துத்தான். ஆனா பிள்ளை முகம் ஞாபகம் வரலைம்மா. அந்த மாசம் பூரா காய்ச்சல், ஒரு கட்டில்ல ரெண்டு பேரு” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “உனக்கு ஆறுதலா இருக்கும்னா சொல்றேன், நான் பக்கத்துலயேதான்…”

“வேணாம் சிஸ்டர்” என்றாள் வாலுவின் அம்மா. “ஆறுதலுக்குச் சொன்னதெல்லாம் நிறையக் கேட்டுட்டேன். அதுல என்ன எழுதியிருக்கோ அதை வாசிங்க. ஒண்ணு விடாம.”

நர்ஸ் குறிப்பேட்டைச் சல்லடை பக்கம் தள்ளினார். சல்லடை வாசித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் எதையும் அவ்வளவு நிதானமாக அவள் வாசித்ததில்லை.

“முதல் நாள். சாயங்காலம் நாலரை. காய்ச்சல் நூத்து மூணு. ரெண்டு தடவை வாந்தி. ஊசி போட விடல, கடிச்சான்.”

“கடிப்பான்” என்றாள் தாய்.

“ரெண்டாம் நாள். காய்ச்சல் நூத்து ரெண்டு. பால் நூறு மில்லி குடிச்சான். வண்டி எங்கன்னு கேட்டான்.”

“ம்.”

“மூணாம் நாள். காய்ச்சல் நூறு. அரை ரொட்டி சாப்பிட்டான். பக்கத்துக் கட்டில் பிள்ளையோட விளையாடினான். கட்டிலை விட்டு இறங்கிக் கதவு வரைக்கும் ஓடினான், பிடிச்சுட்டு வந்தோம்.”

தாயின் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. “அந்த வரியை இன்னொரு தரம் வாசிங்க” என்றாள். சல்லடை மறுபடி வாசித்தாள்.

நாலாம் நாளையும் வாசித்தாள். ஐந்தாம் நாள் இரண்டே வரி. அதையும் விடாமல் வாசித்தாள். கடைசியில் இருந்த நேரத்தையும் சொன்னாள். காலை ஆறு இருபது.

“அன்னிக்கு நான் அந்த நேரத்துல மாத்திரைக்கு வரிசையில நின்னுட்டு இருந்திருப்பேன்” என்றாள் தாய். குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களைப் படியெடுத்துத் தரச் சொன்னாள். நர்ஸ் யாரையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அப்புறம் நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. கமிட்டி கூடியது. மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் தகவலை வெளியே சொன்னதற்காகச் சல்லடைக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ‘சொன்னது நான்தான். முன்னால் சொன்னதும் நான்தான், அதற்கு யாரும் இதுவரை விளக்கம் கேட்கவில்லை’ என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அதை வாசித்துவிட்டு, தன் பங்குக்கு ஒரு பக்கம் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். வாலுவின் அம்மாவிடம் துறை வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அனுப்பியது. அதைப் பிரித்தாளா என்று தெரியாது.

இரண்டு கணினியும் இணைந்தன. முதல் மாதமே நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்கு நின்றுபோயிருந்த மருந்து கிடைத்தது. பொறியாளர் விடைபெற வந்தபோது கைகுலுக்கவில்லை, கும்பிட்டார். “நல்ல காரியம்தான் மேடம் செஞ்சிருக்கோம்” என்றார், யாரோ இல்லை என்று சொன்ன மாதிரி.

“நல்ல காரியம்தான் சார்” என்றாள். அது உண்மைதான். ஒன்றரை வருடம் முந்தியிருந்தால்கூட அந்தப் பிள்ளை செத்துத்தான் இருப்பான். அடக்கத்துக்காவது தாய் வந்திருப்பாள்.

பட்டியல் முழுவதும் முடிந்தபோது ‘நலம்’ என்று இருந்து மறுபக்கம் நாலு என்று இருந்தவை இன்னும் இரண்டு. ஒரு பிள்ளைக்கு உற்றார் என்று யாருமே இல்லை. இன்னொரு சிறுமிக்குப் பத்தொன்பது வயதில் ஓர் அக்கா இருந்தாள், செருப்புக் கடையில் வேலை. அவளுக்குக் கடிதம் அனுப்பலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. நானே போகிறேன் என்றாள் சல்லடை. இந்தத் தடவை அதிகாரி தடுக்கவில்லை.

வாலுவின் அம்மா வாலுவைப் புதைத்த இடத்தில் கல் வைக்க நகராட்சி கேட்ட ஒரு கையெழுத்துக்கு அலுவலகம் வந்திருந்தாள். கைப்பையும் குடையுமாகச் சல்லடை கிளம்புவதைப் பார்த்து, “எங்கக்கா?” என்று கேட்டாள்.

அவளிடம் எதை மறைப்பது? சொன்னாள்.

வாலுவின் அம்மா கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டாள். “அந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா?”

“இல்ல.”

“தனியா இருக்காளா?”

“கடைக்கு மேலயே ஒரு அறையில இருக்காளாம்.”

“நானும் வரேன்” என்றாள். சல்லடை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். “நீங்க சொல்லுங்க அக்கா. சொல்லிட்டு நீங்க எந்திரிச்சு வந்துதானே ஆகணும். அப்புறம் யாராவது அவ கூட இருக்கணும்ல?”

கடையில் மூன்று பேர் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து ஒரு குழந்தையின் காலுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை காலை ஆட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதை அதட்டாமல் சிரித்தாள். இரண்டு பேரும் உள்ளே போகவில்லை. வாடிக்கையாளர்கள் போகட்டும் என்று எதிர்ப்புறம் கூரை நிழலில், தோளோடு தோள் உரச நின்று காத்திருந்தார்கள்.